பிரிக்கப்பட்ட மடல்

அரக்கு முத்திரையிட்ட கடிதம் எழுதியவருக்கும் பெறுபவருக்குமே உரியது என்பது மக்கள் நம்பிக்கை. அதைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு உரிமை உண்டா என்னும் வினா 1844-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தையே உலுக்கியது.

பாரதியார் பாட்டின் வழியே தமிழர் அறிந்த மாஜினி, 1837 முதல் லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்தார். தமக்கு வரும் கடிதங்களை யாரோ பிரிக்கின்றனர் என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. எனவே, கசகசா விதைகளையும் மணலையும் உள்ளே இட்டுத் தமக்கே கடிதங்கள் அனுப்பச் செய்தார். அரக்குக் குலையாமல் கடிதங்கள் வந்தன. உள்ளே இட்டவற்றைக் காணோம்!

1844 ஜூன் 14-ஆம் நாள் டன்கோம்ப் என்னும் உறுப்பினர் மாஜினி முதலியோரின் முறையீட்டைக் காமன்ஸ் சபையில் வைத்தார். அவர்களுள் ஒருவரின் கடிதங்களைப் பிரிக்கத் தாம் ஆணையிட்டதை உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாம் ஒப்புக்கொண்டார். காரணம் கூற மறுத்தார். அமைச்சரின் ஆணையின்றித் தபால் ஊழியர் கடிதத்தைப் பிரித்தல் ஆகாது என 1711-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. ஆணை இருந்தால் பிரிக்கலாம் என்பதே அதன் மறுபக்கம். ஆகவே சட்டம் கிரகாமின் பக்கம் நின்றது. மக்கள் மனம் நிற்கவில்லை. பிரித்ததினும், பிரிக்காததுபோல் மீண்டும் ஒட்டி அனுப்பிய வஞ்சகமே அவர்களைச் சுட்டது. அறிஞர் கார்லைல் 'டைம்ஸ்' இதழில் மாஜினிக்காகப் பரிந்து எழுதினார்.

கடிதங்களில் கண்ட செய்தி அயல்நாட்டு அரசுக்கும் தெரிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் பாந்தியேரா சகோதரர்கள் இத்தாலியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அப்பழியைப் பலர் கிரகாம் மீது சுமத்தினர். பாராளுமன்றக் குழுக்கள் மூடிய அறையில் விசாரித்து ஆகஸ்டில் அறிக்கை தந்தன. தபால் நிலையத்தின் இரகசியப் பிரிவு மூடப்பட்டது. அமைச்சரின் அதிகாரமோ அப்படியே நின்றது.

பின்னர் தொலைபேசி வந்தது. அதை ஒட்டுக்கேட்பதும் அமைச்சரின் ஆணையாலேயே நடந்தது. அதற்குத் தெளிவான சட்ட வரம்பு இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. அதன் பயனாய் 1985-இல் தனிச் சட்டம் பிறந்தது. அமைச்சரின் ஆணையை நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஏற்க வேண்டும் என்னும் விதியோ 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம்பெற்றது.

குற்றத்தைக் கண்டறிய அரசுக்கு இவ்வதிகாரம் வேண்டியதாகலாம். ஆனால் கையெழுத்திடும் கையை மற்றொரு கண் காண வேண்டும். மாஜினியின் மணல் எழுப்பிய இக்கேள்விக்கு விடை வர 172 ஆண்டுகள் ஆயின.