கல் அடார்

பெருங்கல்லொன்றைச் சாய்த்து நிறுத்திச் சிறு பொறியால் தாங்கச் செய்து, விலங்கு தீண்டியவுடன் அதன்மேல் விழச் செய்யும் கருவியே சங்க இலக்கியம் கூறும் அடார். புறநானூற்று 19ஆம் பாடலில் குடபுலவியனார் தலையாலங்கானத்து வென்ற நெடுஞ்செழியனின் மார்புக்கே அதனை உவமையாக்குகின்றார். நற்றிணை 119இல் தினையுண்ணும் பன்றிக்குப் புனவன் மாட்டிய அடாரில் புலி வீழ்கின்றது. மலைபடுகடாமோ, பன்றி நுழையும் வழிதோறும் கற்பொறி உண்டு, இரவில் தங்கி விடிந்தபின் செல்க எனக் கூத்தரை எச்சரிக்கின்றது. வழிப்போக்கரின் உயிருக்கும் அடார் இடர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

திருப்பூர் மாவட்டத்து உடுமலை அடிவாரப் புனங்களிலும் பன்றிக்கும் உழவர்க்குமான பகை ஓயவில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் பொறிவேட்டையைத் தடுத்துள்ளது. ஆயினும் தென்னகக் காடுகளில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் இன்றும் சிறுத்தைகள் சிக்குகின்றன.