அரசனுக்கும் இரவல் கொடாத நூல்நிலையம்

ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையை அதன் மண்டபங்களைக் கொண்டு அளப்பாருளர். ஆங்குப் பட்டம் பெற்றோர் தொகையைக் கொண்டு அளப்பாருமுளர். ஆயினும், அதன் நூல்நிலையம் எப்பொழுது திறக்கப்படுகின்றது, யார் உட்புகலாம், எந்நூல் வெளியே செல்லலாகாது என்னும் சிறு விதிகளிலேயே அக்கழகத்தின் உள்ளக்கிடக்கை நன்கு புலப்படும். இதற்கு ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துப் போட்லியன் நூல்நிலைய வரலாறு தக்கதொரு சான்றாகும்.

போட்லியன் தோன்றுமுன்னரே ஒக்ஸ்போட்டில் ஒரு நூல்நிலையம் இருந்தது. ஐந்தாம் ஹென்றி மன்னனின் இளவலாகிய ஹம்பிறி கோமகன் 280க்கு மேற்பட்ட கையெழுத்து நூல்களைப் பல்கலைக்கழகத்துக்கு ஈந்தான். அவற்றை வைத்தற்கென அமைந்த மேன்மாடம் 1488இல் நிறைவெய்தியது. அறுபத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், ஆறாம் எட்வேட் மன்னன் காலத்துச் சமயச் சீர்திருத்தத்தின்போது, பழைய மதச்சார்புடையன என அந்நூல்கள் அகற்றப்பட்டன. 1556இல் நூல் தாங்கிய சாய்மேசைகளும் விற்கப்பட்டன. ஒரு தலைமுறை வரையில் அம்மாடம் வெறுங்கூடமாகவே கிடந்தது. நூல்களைக் காக்க வலிய விதியும் பொருளும் இல்லாவிடத்து, அரசியற் காற்று ஒரு முறை வீசினும் அவை நில்லா என்பதை ஒக்ஸ்போட் இவ்வாறு கற்றுக்கொண்டது.

அவ்வெறுங்கூடத்தை மீண்டும் நிரப்பியவர் சேர் தோமஸ் போட்லி. 1545இற் பிறந்த அவர், மேரி அரசியின் ஆட்சியிலே பெற்றோருடன் நாடு நீங்கி ஜெனீவாவில் வளர்ந்தவர்; பின்னர் ஒக்ஸ்போட்டிற் பயின்று, ஒல்லாந்திலே எலிசபெத் அரசியின் தூதராகப் பணியாற்றியவர். அரசியல் வாழ்வில் வெறுப்புற்று விலகிய அவர், தம் எஞ்சிய நாளையும் செல்வத்தையும் நூல்நிலையத்துக்கே ஈதலென்று துணிந்து, 1598இற் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு விண்ணப்பம் விடுத்தார். 1602ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி நூல்நிலையம் திறக்கப்பட்டபோது ஆங்கிருந்தவை ஏறக்குறைய 2,000 நூல்கள்.

போட்லி நூல்களைச் சேர்த்ததோடு அமையவில்லை. அவருடைய முதல் நூலகராகிய தோமஸ் ஜேம்ஸ் 1605இல் நூற்பட்டியலை அச்சிட்டு வெளியிட்டார். ஆங்குள்ள நூல்கள் இவையெனத் தொலைவிலுள்ள அறிஞரும் அதனால் அறியலாயினர். 1610இல் இலண்டன் அச்சக வணிகர் கழகத்தோடு போட்லி ஓர் உடன்படிக்கை செய்தார். அக்கழகத்திற் பதியப்படும் ஒவ்வொரு புதிய நூலிலும் ஒரு பிரதி நூல்நிலையத்துக்கு விலையின்றி வரல்வேண்டும் என்பது அது. பிற்காலத்தே சட்டமாக வலுப்பெற்ற நூல்வைப்பு முறைக்கு இது முன்னோடியாகும். நூல்கள் இரவலாக வெளியே செல்லலாகாது என்பது போட்லியின் உறுதியான விதி. பெரிய நூல்கள் பலகையோடு சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தன. அச்சங்கிலிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் நீங்கத் தொடங்கின.

இவ்விதியின் உறுதி உள்நாட்டுப் போரின்போது சோதிக்கப்பட்டது. பாராளுமன்றத்தோடு பொருத முதலாம் சார்ள்ஸ் மன்னன் ஒக்ஸ்போட்டையே தன் தலைநகராக்கிக்கொண்டான். 1642இல் அவன் வேண்ட, நூல்நிலையத்தின் நிதியிலிருந்து 500 பவுண் கடனாகக் கொடுக்கப்பட்டது. அது மீண்டு வரவில்லை. 1645ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், பிரெஞ்சு வரலாற்றாசிரியர் டோபிஞே இயற்றிய உலக வரலாற்று நூலை அனுப்பிவைக்குமாறு மன்னனிடமிருந்து ஆணை வந்தது. அப்போது நூலகராயிருந்த ஜோன் றூஸ் நூலை எடுத்துச் செல்லவில்லை. போட்லியின் விதி நூலையே எடுத்துச் சென்று காட்டினார். அதனைக் கண்ட மன்னன் நிறுவியவரின் விதிக்கு இணங்கித் தன் வேண்டுகோளைக் கைவிட்டான். பொன்னைக் கொடுத்த நூல்நிலையம் நூலைக் கொடுக்க மறுத்தது! பொன் போனாற் பிறிது பொன் வரும். விதி ஒரு முறை தளர்ந்தால் மறுமுறை நிமிர்த்தல் அரிது என்பதை றூஸ் உணர்ந்திருந்தார் போலும்.

மறுபக்கத்தாரும் இவ்வுண்மையை மதித்தனர். 1646இல் ஒக்ஸ்போட் பணிந்தபோது, பாராளுமன்றப் படைத்தலைவர் பெயர்பக்ஸ் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, நூல்நிலையத்துக்குக் காவல் வைத்தமையாகும். 1654இல் ஒலிவர் குறொம்வெல், போர்த்துக்கீசத் தூதருக்காக ஒரு கையெழுத்து நூலை இரவல் கேட்டார். நூலகர் பாளோ அவருக்கும் விதியையே விடையாக அனுப்பினார். குறொம்வெல் அதனை ஏற்றுக்கொண்டார். முடி தரித்தவனுக்கும், அம்முடியை வீழ்த்தியவருக்கும் ஒரே விடை கிடைத்தமை கருதற்பாலது. ஒருவனுக்கு இசைந்து மற்றவருக்கு மறுத்திருப்பின் அது விதியன்று, கட்சி சார்தலேயாம்.

எனினும் போட்லி குறையற்றவரென்று கூறுதல் பொருந்தாது. நாடகச் சுவடிகளை அவர் இழிவாகக் கருதி, நூல்நிலையத்துள் அவை புகாதிருத்தல் நன்றென்றார். உடன்படிக்கையின் பயனாக 1623இல் வெளிவந்த சேக்ஸ்பியர் நாடகத் தொகுதியின் முதற்பதிப்பு ஆங்கு வந்து சேர்ந்தது. மூன்றாம் பதிப்பு வந்த பின்னர், மிகையானதெனக் கருதி அதனை விற்றுவிட்டனர். அதே பிரதி 1905இல் அடையாளங் காணப்பட்டது. 1906இற் பலரிடம் நன்கொடை திரட்டி 3,000 பவுண் கொடுத்து அதனை மீட்டனர். இன்று பதரெனத் தோன்றுவது நாளை நெல்லாதல் கூடுமாதலின், நூலகன் தன் காலத்துச் சுவையையே அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

காவல் மிகின் பயன் குறைதலும் உண்டு. நெருப்புக்கு அஞ்சிக் குளிர்நாட்டில் 1845 வரை கணப்பும், 1929 வரை பழைய நூல்நிலையத்தில் விளக்கும் இல்லாதிருந்தன. 1831இல் மாரிக்காலத்தே காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரையே கதவு திறந்திருந்தது. நாளொன்றுக்கு வாசித்தோர் சராசரி மூவர் அல்லது நால்வர். காக்கப்பட்ட நூல் கற்கப்படாதிருப்பின் அக்காவலாற் பெரும்பயன் இல்லை. இதனை உணர்ந்தே பிற்காலத்தார் 1860இல் றட்கிளிவ் வட்ட மண்டபத்தை வாசிகசாலையாகச் சேர்த்துக்கொண்டனர். 2010இற் சுவிண்டன் நகரருகே பெரும் நூற்களஞ்சியம் அமைத்தனர். இன்று அச்சு நூல் முதலியவை 1 கோடியே 30 இலட்சத்துக்கு மேலாகப் பெருகியுள்ளன. புதிதாக வருவோர் நூலைச் சிதைக்கமாட்டோம், தீயை உட்கொணரமாட்டோம் என்று உறுதிமொழி கூறும் வழக்கமும் நிலவுகின்றது.

காத்தலும் வழங்குதலும் நூல்நிலையத்தின் இரு கண்கள். ஒன்றை மூடின் மற்றது முழுதுங் காணாது. பாடசாலை நூலறையில் ஓர் அலுமாரியே உளதாயினும், அதன் திறவுகோலைக் கையேற்கும் ஆசிரியரும் மாணவரும் றூஸ் ஏற்ற கடமையையே ஏற்கின்றனர். வலியோர் வேண்டினும் விதி வழுவாதிருத்தலும், எளியோர் வரினும் கதவு திறந்திருத்தலுமே அக்கடமையாம்.