தாத்தா பிரெஞ்சு பிரஜையா? பேரனுக்கு கிடைக்குமா பாஸ்போர்ட்டு?

புதுச்சேரி:
"எங்க தாத்தா பிரெஞ்சு ஆட்சியில பொறந்தவரு, அதனால எனக்கும் குடியுரிமை உண்டு" என்ற பேச்சு புதுச்சேரி, காரைக்கால் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும். ஆனால் பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தது மட்டும் போதாது. 1962-ல் தாத்தா என்ன செய்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ந்தேதி இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-ந்தேதி கையெழுத்தானது. சட்டப்படி அது அமலுக்கு வந்ததோ 1962 ஆகஸ்டு 16-ந்தேதி! அன்று இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சு பிரஜைகள் தானாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சு பிரஜையாகவே நீடிக்க விரும்பியவர்களுக்கு எழுதிக் கொடுக்க 6 மாதம் கெடு. அப்போது வேறு வெளிநாட்டில் குடியிருந்தவர்கள் எழுதிக் கொடுக்காமலேயே பிரெஞ்சு பிரஜையாக நீடித்தார்கள்.

50 வருட சிக்கல்

தாத்தா எழுதிக் கொடுத்திருந்தால், பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சு பிரஜை என்ற கணக்கில் பிள்ளைக்கும் உரிமை வருகிறது. அதிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே (அதாவது இங்கேயே) இருந்து, பிள்ளையும் சரி, அந்த வழி பெற்றோரும் சரி, பிரெஞ்சு பாஸ்போர்ட்டு, தூதரகப் பதிவு, ஓட்டு என்று எதுவும் இல்லாமல் இருந்தால், வாரிசு உரிமையை நிரூபிக்கவே பிரெஞ்சு சட்டம் அனுமதிக்காது. 1962-ல் இருந்து எண்ணினால் 2012-லேயே 50 வருடம் ஓடிவிட்டது. பலருடைய மனு அடிபடுவது இங்கேதான்.

பேப்பர் விஷயத்திலும் உஷார் தேவை. பிறப்பு சான்றில் ஒரு பெயர், கல்யாண பதிவில் இன்னொரு பெயர், இனிஷியல் குழப்பம் என்றால் சந்தேகம் வரும். பெற்றோர் உறவு 18 வயதுக்குள் சட்டப்படி பதிவாகி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பதிந்தால் குடியுரிமைக்கு உதவாது.

இங்கே பிறந்து இங்கேயே வசிப்பவர்கள் பிரெஞ்சு குடியுரிமை சர்டிபிகேட் கேட்க வேண்டியது பாரீஸ் கோர்ட்டில். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். மறுத்தால் 6 மாதத்துக்குள் வழக்கு போடலாம். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று பணம் கேட்கும் ஏஜெண்டுகளால் இதில் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அதுவரை என்ன விசா?

சர்டிபிகேட் வரும்வரை நீங்கள் இந்திய பாஸ்போர்ட்டில்தான் போக வேண்டும். சொந்தக்காரர்களைப் பார்க்க என்றால் ஷெங்கன் விசா போதும். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். வேலை செய்யக் கூடாது. "போய் இறங்கிட்டு அங்கேயே மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பொதுவாக அது நடக்காது.

படிப்பு, வேலை என்றால் அதற்கென்று உள்ள நீண்டகால விசாவை இங்கிருந்தே வாங்க வேண்டும். பிரெஞ்சு பிரஜையின் கணவன், மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அவரை நம்பி வாழும் பெற்றோர் ஆகியோருக்கு தனி விசா உண்டு. அண்ணன், தம்பிக்கு அப்படி எதுவும் கிடையாது.

எல்லாம் கூடி வந்து பிரெஞ்சு பாஸ்போர்ட்டு கைக்கு வந்தால், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதன் பிறகு சொந்த ஊருக்கு வந்து போக ஓ.சி.ஐ. அட்டைக்கு மனு போடலாம்.