நிபந்தனைச் செயற்குறி

ஒரு நிபந்தனை மெய்யா பொய்யா என்று பார்த்து, இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தரும் நிரலாக்கக் குறி. மூன்று செயலேற்பிகளைக் கொள்வதால் மும்மச் செயற்குறி என்றும் பெயர். தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் மாணவர் பிளஸ் ஒன்னில் சி++ வழியாக இதைச் சந்திக்கிறார்.

வீட்டு மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று வைத்துக்கொண்டால்:

கட்டண_யூனிட் = (யூனிட் > 100) ? யூனிட் - 100 : 0;

மீட்டர் 340 காட்டினால் விடை 240. 80 என்றால் 0. மெய்யானால் கேள்விக்குறிக்கு அடுத்ததும், பொய்யானால் முக்காற்புள்ளிக்கு அடுத்ததும் மட்டுமே கணிக்கப்படும்; மற்றது தொடப்படுவதே இல்லை. பூச்சியத்தால் வகுக்கும் பிழையைத் தவிர்க்க இது கைகொடுக்கும்.

சிக்கல் இதை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது வருகிறது. சி மொழி அடுக்கை வலமிருந்து சேர்க்கும். பிஎச்பி இடமிருந்து சேர்த்து வந்தது. குழப்பம் தாளாமல், அடைப்புக்குறி இல்லாத அடுக்கை 2020இல் வந்த 8.0 பதிப்பு பிழையாகவே அறிவித்தது. இரண்டுக்கு மேல் அடுக்குவது எந்த மொழியிலும் வீண் சாமர்த்தியம்தான்.

பைத்தானில் 2006இல் வந்த 2.5 பதிப்பு முதல் இது குறிகளின்றிச் சொற்களால் எழுதப்படுகிறது. கோ மொழியில் அறவே இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழியான எழிலில் கிளைபிரிப்பு கூற்று வடிவில் அமைகிறது: நிபந்தனை முதலில், 'ஆனால்' பிறகு, மாற்றுவழிக்கு 'இல்லை', கடைசியில் 'முடி'.