பாவா ஆதம் மலையும் பெயரில்லாத 32 பேரும்

எவரெஸ்டில் நேபாளப் பக்கமிருந்து ஏற, அனுமதிக் கட்டணம் மட்டும் 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். அதுக்கு மேல ஷெர்பாவுக்கு, ஆக்சிஜனுக்கு, சமையல்காரருக்குன்னு தனித்தனிக் கணக்கு. ஆளைக் கூட்டிட்டுப் போய், ஏத்தி, பத்திரமா இறக்கிவிடுற இந்த ஏற்பாடு ஐரோப்பாக்காரங்க கண்டுபிடிச்சதுன்னுதான் நம்மில் பலர் நினைச்சிட்டு இருக்கோம்.

1344ல், ராமேஸ்வரத்துக்கு அக்கரையில், ஒரு தமிழ் அரசன் இதே ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருக்கிறான். காசு வாங்காமல். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மொராக்கோக்காரர் இப்னு பதூதா மாலத்தீவில் காஜியாக இருந்துவிட்டு, அங்கே மனஸ்தாபமாகி, மஅபர் கரைக்குக் கப்பல் ஏறுகிறார். மஅபர் என்றால் அரபியில் 'கடக்கும் இடம்'. நம்ம கிழக்குக் கரைக்கு அரபிகள் வைத்த பெயர். மூன்று நாள் பயணம். ஆனா கப்பலில் வழி தெரிந்த மாலுமி இல்லை. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது மஅபர் அல்ல, புகைத்தூண் மாதிரி வானத்தில் நின்ற ஒரு மலை. இலங்கையின் சிவனொளிபாத மலை. உயரம் 2,243 மீட்டர்.

கப்பல்காரர்களுக்கு அந்தக் கரையில் இறங்கப் பயம். அங்கே ஆள்கிறவன் கடல் கொள்ளைக்காரன் என்று பேச்சு. இப்னு பதூதாதான் தைரியமா இறங்கி நேரே அரசனிடம் போகிறார். ஊர் புத்தளம். அரசனை 'ஆரிய சக்கரவர்த்தி' என்று குறிக்கிறார். யாழ்ப்பாணத்தை ஆண்ட வம்சம்.

இங்கே நம்ம ராமநாதபுரத்துக்காரங்க காதைத் தீட்டிக்கணும். இந்த வம்சத்துக்குச் 'சேதுகாவலர்' என்றும் பட்டம் உண்டு. இவர்கள் அடித்த காசில் நந்தி உருவத்தோடு 'சேது' என்று தமிழில் பொறித்திருக்கும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியனுக்காக இலங்கை மேல் படையெடுத்துப் போன தளபதியின் பெயரும் ஆரிய சக்கரவர்த்திதான். சேதுபதிகள் ராமநாதபுரத்தில் தலையெடுக்கும் முன்பே சேதுவின் பெயரைக் காசில் போட்டவர்கள் இவர்கள். நடுவில் கிடக்கும் கடல் அவர்களுக்குக் கடல் மாதிரியே தெரிந்திருக்காது, வாய்க்கால் மாதிரி இருந்திருக்கும்.

அரசனுக்குப் பாரசீகம் புரியும். மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துகளைக் காட்டி, வேண்டியதைக் கூச்சப்படாமல் கேள் என்கிறான். இவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆதமின் பாதத்தைப் பார்க்கணும்.

சைவருக்கு அது சிவன் பாதம், சிங்களவருக்குப் புத்தர் பாதம், இஸ்லாமியருக்குச் சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபியின் பாதம். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் 'பாவா ஆதம் மலை' என்றால் பெரியவர்களுக்கு உடனே புரியும். ராமேஸ்வரத்தில் ஆபில் காபில் தர்காவுக்குப் போனவர்கள் யோசிச்சுப் பாருங்க: அப்பாவின் பாதம் அந்தக் கரையில், மகன்களின் அடக்கம் இந்தக் கரையில் என்று நம்பிக்கை. இடையில் இருக்கும் மணல் திட்டுக்கு ஒருத்தர் ராமர் பாலம்னு சொல்றார், இன்னொருத்தர் ஆதம் பாலம்னு சொல்றார்.

சரி, அரசன் என்ன கொடுத்தான்? ஒரு பல்லக்கு, அதைத் தூக்க அடிமைகள். வருஷா வருஷம் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் 4 பேர். பிராமணர்கள் 3 பேர். அரசனின் ஆட்கள் 10 பேர். உணவுப்பொருள் சுமக்க 15 பேர். மொத்தம் 32, பல்லக்குத் தூக்கிகள் தனி. இவர் திரும்பி வரும்வரை கப்பல் தலைவன் அரண்மனை விருந்தாளி.

இன்றைய கம்பெனி பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க. பாதை அறிந்த வழிகாட்டி, சுமைகாரர், ஆட்சியாளரின் அனுமதி, திரும்பும் வண்டி. எது குறையுது?

பாதையில் யானைக் காடு, மூங்கில் தெப்பத்தில் ஆறு, அப்புறம் அட்டை. ஒரு டாக்டரா எனக்கு இந்தப் பயணத்தில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஈரமான செடியில் இருந்து அட்டை மேலே பாயும், பயணிகள் கையோடு எலுமிச்சம்பழம் கொண்டுபோய்ப் பிழிவார்கள், அட்டை விழுந்ததும் மரக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டுவார்கள் என்கிறார். அட்டையின் எச்சிலில் ஹிருடின் என்று ஒரு பொருள் இருக்கு, ரத்தத்தை உறைய விடாது. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் கசியும். எலுமிச்சை பிழிந்தால் உடனே விழும், உண்மைதான். ஆனா அட்டை விழும்போது வயிற்றில் இருக்கிறதைக் காயத்திலேயே கக்கலாம் என்பதால் இப்போ நாங்க அதைச் சிபாரிசு செய்வதில்லை. நகத்தால் வாய்ப்பகுதியை மெல்ல நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். அட்டை கடித்தும் அலட்சியமாக இருந்து ரத்தம் போய் ஒருவர் செத்தார் என்றும் எழுதியிருக்கிறார். அட்டைக்கடி மட்டுமே ஒரு வளர்ந்த ஆளைக் கொல்வது மிக மிக அபூர்வம். வழிகாட்டிகள் பயமுறுத்தச் சொன்ன கதையாக இருக்கணும். இன்றைக்கும் நல்ல வழிகாட்டி அதைத்தான் செய்வார்!

உச்சிக்கு இரண்டு பாதை. 'பாபா' பாதை கஷ்டம், 'மாமா' பாதை சுலபம். அதாவது ஆதம் வழி, ஹவ்வா வழி. கஷ்டமான வழியில் பாறையோடு இரும்புச் சங்கிலிகள், மொத்தம் பத்து. பத்தாவதின் பெயர் கலிமா சங்கிலி. அங்கே நின்று கீழே பார்த்தவர், விழுந்துடுவோம்னு பயந்து கலிமா சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பெயர். மார்க்கோ போலோவும் இவருக்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தச் சங்கிலிகளைச் சொல்லியிருக்கிறார். எவரெஸ்டில் ஒவ்வொரு சீசனும் ஷெர்பாக்கள் முதலில் போய்க் கயிறும் ஏணியும் கட்டுகிறார்களே, அதே வேலை. கும்பு பனியருவியில் அதைச் செய்கிறவர்களுக்கு 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' என்று பெயர். எங்க தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

மலையேற்ற வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1336ல் பிரான்ஸின் வான்தூ மலை ஏறியதில் ஆரம்பிக்கும். அது நம்ம சிவனொளிபாதத்தைவிட 300 மீட்டருக்கு மேல் குள்ளம். வழியில் ஒரு கிழட்டு இடையர் வேண்டாம்னு தடுத்தார், அவ்வளவுதான் வழிகாட்டல். சாமோனியில் வழிகாட்டிகள் சங்கம் அமைத்தது 1821. அதுவும் முந்தின வருஷம் மோன் பிளாங்கில், ஹாமெல் என்ற ரஷ்ய விஞ்ஞானி கூட்டிப்போன பயணத்தில், பனிச்சரிவில் 3 வழிகாட்டிகள் புதைந்த பிறகு. 2014 ஏப்ரல் 18ல் கும்பு பனியருவியில் ஒரே நாளில் 16 நேபாளிகள் இறந்தார்கள். அன்று பனியருவியில் இருந்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்களுக்காகச் சுமை தூக்கிப் போனவர்கள்.

இப்னு பதூதா வழியில் கண்ட குகைகளின் பெயரை எழுதுகிறார். அரசன், ஷேக்குகள், ஊர்கள், எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. அந்த 32 பேரில் ஒருத்தர் பெயர்கூட இல்லை.

திரும்பும் பயணம் இன்னும் மோசம். புத்தளத்திலிருந்து மஅபருக்கு வரும் வழியில் புயல் காற்று. கப்பலில் தண்ணீர் ஏறி, பாறைத் திட்டு பக்கம் ஒதுங்கி, பாய்மரத்தை வெட்டி எறிகிறார்கள். தெப்பத்தில் எல்லாருக்கும் இடமில்லை. தன்னோடு வந்தவர்களை அனுப்பிவிட்டு இவர் ராத்திரி முழுக்கக் கப்பலின் பின்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறார். விடிந்ததும் உள்ளூர் ஆட்கள் படகில் வந்து கரை சேர்க்கிறார்கள். சாப்பிட என்ன கொடுத்தார்கள்? நல்ல மீன், பிறகு தர்பூசணி மாதிரி ஒரு பழம். உள்ளே பஞ்சு, அந்தப் பஞ்சில் தேன் போல இனிப்பு, அதைப் பிழிந்து பலகாரம் செய்வார்கள். அது பனம்பழமாத்தான் இருக்கணும். இறங்கிய ஊரின் பெயரையும் அவர் எழுதவில்லை. ஆனா மீனும் பனம்பழமும் கொடுத்து உபசரிக்கிற கரை எதுன்னு நமக்குச் சொல்லணுமா?

அப்புறம் மதுரை. அங்கே கொள்ளைநோய், பிடித்தவர் இரண்டு மூன்று நாளில் சாவு. இவருக்கும் காய்ச்சல். புளியைக் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு போனது, பிழைத்தார். புளி மலமிளக்கி, அது சரி. காய்ச்சல் அதனால் போச்சுன்னு யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பாதீங்க.

அந்த மலைக்கு நம்ம ஆட்கள் போவது அதோடு நிற்கலை. 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஏழைகள் தொண்டியிலும் பாம்பனிலும் படகேறி மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். பாதையோரம் காலராவும் மலேரியாவும் தின்றது போக மீதிப்பேர் மலை ஏறினார்கள். பிற்பாடு மண்டபத்தில் தடுப்பு முகாம் வந்தது. சில நாள் அடைத்து வைத்து, பரிசோதித்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றுவார்கள். 1914லிருந்து தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல். அந்தப் பழைய முகாமின் பெயரில்தான் இன்றும் 'மண்டபம் கேம்ப்'. பின்னாளில் அங்கே தங்கவைத்தது இலங்கையிலிருந்து திரும்பி வந்த அகதிகளை.

ஹட்டன், மஸ்கெலியா வழியாக சிவனொளிபாதம் ஏறுகிறவர்கள் கடைசியாக பஸ்ஸை விட்டு இறங்கும் ஊரின் பெயர் நல்லதண்ணி. ஆமா, தமிழ்தான். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், லயன் வீடுகள். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வரை சீசன். ராத்திரி ஏற ஆரம்பித்தால் விடியலுக்கு உச்சி. போகிறவர்கள் வழியில் தேநீர்க் கடையில் உட்காரும்போது, அந்த அரிசியும் சர்க்கரையும் அவ்வளவு படி ஏறி எப்படி வந்ததுன்னு கடைக்காரரிடம் கேளுங்க. தூக்கி வந்தவர் பக்கத்தில் இருந்தால் பெயரையும் கேட்டுட்டு வாங்க.