மின்தூண்டல் வெகுமதி

விலங்கின் மூளையில் பதித்த மெல்லிய மின்முனை வழியே கணநேரம் சிறு மின்னோட்டம் செலுத்தி, உணவுக்கும் நீருக்கும் பதிலாக அதையே பரிசாக்கும் சோதனை முறை மின்தூண்டல் வெகுமதி எனப்படும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் 1954-இல் இதை வெளியிட்டனர். மின்தூண்டல் கிடைத்த மூலைக்கே ஓர் எலி திரும்பத் திரும்பச் சென்றது. இதைக் கண்ட அவர்கள், எலியே மின்னோட்டத்தைப் பெற்றுக்கொள்ளும்படி கூண்டில் நெம்புகோல் ஒன்றைப் பொருத்தினர். எலிகள் அதை ஓயாமல் அழுத்தின.

கற்றல் சோதனைகளுக்கு இந்தப் பரிசு மிகவும் ஏற்றது. உணவைப் பரிசாக வைத்தால் வயிறு நிறைந்ததும் எலியின் ஆர்வம் குறையும். அதற்காகவே முன்கூட்டிப் பட்டினி போட வேண்டியிருக்கும். மின்தூண்டலில் தெவிட்டல் இல்லை, பரிசு தாமதமின்றிக் கிடைக்கிறது, அதன் அளவையும் நுட்பமாக மாற்றலாம். ஆனால் மின்னோட்டத்தை நிறுத்தினால், மின்தூண்டலுக்குப் பழகிய எலி, உணவுக்குப் பழகிய எலியைவிட விரைவாகவே நெம்புகோலைக் கைவிடுவது வழக்கம். மின்தூண்டலின் வலிமைக்கு மறுபக்கமும் உண்டு. 1965-இல் ஆய்வாளர்கள் ரௌட்டன்பெர்க், லிண்டி நடத்திய சோதனையில், உணவு கிடைக்கும் குறுகிய நேரத்திலும் சில எலிகள் மின்தூண்டலையே நாடிப் பட்டினி கிடந்தன. அதே வலிமையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தி, 2002-இல் நியூயார்க்கில் சஞ்சீவ் தல்வார் குழுவினர், மீசை உணர்வுப் பகுதியைத் தூண்டி இடம், வலம் என்று குறிப்புக் காட்டி, சரியாகத் திரும்பியதும் மின்பரிசு தந்து, எலிகளைத் தொலைவிலிருந்தே வழிநடத்தினர்.

இந்தியாவில் இத்துறையின் குறிப்பிடத்தக்க பணி பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் நரம்பு உடலியங்கியல் துறையில் நடந்தது. பி. எஸ். சங்கரநாராயண ராவ், டி. தேசிராஜு, டி. ஆர். ராஜு ஆகியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, பரிசு நடத்தையை மாற்றுகிறதா என்பதோடு நிற்காமல் மூளைச் செல்லின் வடிவத்தையே பார்த்தது. அதன் சிறப்பும் இதுவே. பக்க ஹைப்போதலாமஸ் பகுதியிலும் நடுமூளையின் டோபமைன் செல்கள் உள்ள பகுதியிலும் மின்முனை பதித்த எலிகள், நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் தம்மைத் தாமே தூண்டிக்கொண்டன. பின்னர் ஹிப்போகாம்பஸிலும் இயக்கப் புறணியிலும் உள்ள கூம்புச் செல்களை ஆராய்ந்தபோது, அவற்றின் கிளைநரம்புகள் கூடுதலாகக் கிளைத்திருந்தன.

இதே நிறுவனத்தின் 2008 ஆய்வு எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. நாள்தோறும் ஆறு மணி நேரம், 21 நாள் அடைத்துவைத்து மனஅழுத்தம் ஊட்டப்பட்ட எலிகளில் ஹிப்போகாம்பஸ் செல்களின் கிளைகள் சுருங்கின, இடநினைவும் குன்றியது. பின்னர் தன்தூண்டலுக்கு வாய்ப்பளித்தபோது அந்தக் கிளைகளும் இடநினைவும் மீண்டன. மாறியிருந்த நரம்புக் கடத்திகளின் அளவுகளும் சீரடைந்தன.