கைமாறும் பழம்பொருள்: காஞ்சிபுரத்தில் கொடையும் கூலியும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளுக்கு வந்துசேரும் கொரிய, ஜப்பானிய அதிகாரிகள் சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் வந்தது. அன்றிலிருந்து வீடு காலிசெய்வது இங்கே ஓயாத நிகழ்ச்சி. துவைத்து மடித்த சட்டைகள், போர்வை, குழந்தைகளின் செருப்பு, மிக்ஸி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, சமையல் வேலை செய்யும் அம்மாவிடம் கொடுக்கிறார்கள். அவர் முகம் மாறாமல் வாங்கிக்கொள்கிறார். மிக்ஸி வீடு போய்ச் சேருகிறது. சட்டையும் செருப்பும் வழியிலேயே யாருக்கோ கைமாறிவிடுகின்றன.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உடனே கிடைக்கும். இந்தியர்களுக்குப் பிறர் உடுத்திய துணி தீட்டு என்பது ஒன்று. வெளிநாட்டாருக்குத் திமிர் என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பழையது என்பதால் இங்கே ஒரு பொருள் இழிந்துவிடுவதில்லை. எந்தக் கை வழியாக, எந்தக் கணக்கில் அது வருகிறது என்பதே அதை மரியாதையாகவோ அவமதிப்பாகவோ ஆக்குகிறது.

முதல் சான்று கோயில். பெருமாள் உடுத்திக் களைந்த ஆடையை உடுத்துவதையும் சூடிக் களைந்த துளசியைச் சூடுவதையும் அடியார்களின் பேறாகவே திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் சொல்கிறார். ஆண்டாள் சூடிய மாலை இன்றும் பிரம்மோற்சவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருமலைக்குப் போகிறது. தமிழகத்தின் பல அம்மன் கோயில்களில் சாத்திக் களைந்த புடவைகள் ஏலத்துக்கு வரும்போது, புதுப்புடவை வாங்க வசதியுள்ளவர்களே முன்னால் நின்று கேட்கிறார்கள். தென்னிந்தியக் கோயிலை மரியாதைகளின் மறுபங்கீட்டு மையம் என்று ஆய்வாளர்கள் அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் விளக்கினார்கள். காஞ்சிபுரம் வரதராஜர் சன்னதியில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் புதிதாக இராது.

வீட்டிலும் அப்படித்தான். பச்சைக்குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று தேடிப்பிடித்துப் பழந்துணி போடுகிறோம். பாட்டியின் நூல்புடவை தூளியாகிறது. அக்காளின் பாவாடை தங்கைக்கு வருகிறது. அவள் சிணுங்கலாம், ஆனால் அவமானப்படுவதில்லை.

மூன்றாவது சான்று சந்தை. பழைய பட்டுப்புடவை வாங்குபவர் தெருவில் குரல் கொடுத்து வருவார். சரிகையில் ஓர் இழையை உருவி, உரசிப் பார்த்து, எடை பார்த்து விலை சொல்வார். அவருக்குப் புடவை என்பது வெள்ளி. கரையையும் முந்தியையும் வெட்டி எரித்தால் பட்டு கருகிப்போய், சரிகையிலுள்ள வெள்ளி மிஞ்சும். கோர்வைப் புடவையின் கரையை உடலோடு பிணைத்து நெய்ய, தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்று அறிந்த வெளிநாட்டார் இந்த எரிப்பைக் கேட்டுப் பதறுகிறார்கள். விற்ற பெண்ணுக்கோ பதற்றமில்லை. கூறைப்புடவையை அவர் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் மற்றதை விற்கிறார். தில்லியில் பழந்துணி எவர்சில்வர் பாத்திரமாக மாறும் வழிகளை மானிடவியலாளர் லூசி நோரிஸ் 2010இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பேரம் பேசி விற்பதில் யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை என்பதே காஞ்சிபுரத்துக்கும் பொருந்தும் செய்தி.

அப்படியானால் இழிவு எங்கிருந்து வருகிறது? கூலிக்குப் பதிலாகப் பழையதைக் கொடுத்த வரலாற்றிலிருந்து. வண்ணார், நாவிதர், வெட்டியான் என்று ஊர் வேலைகளுக்கெனக் கட்டிப்போடப்பட்டவர்களுக்கு இழவு வீட்டுத் துணியும் தீட்டுத் துணியும் மிஞ்சிய சோறும்தான் பங்காக வந்தன. அதை மறுப்பது சாதி எதிர்ப்பின் ஒரு பகுதி. கொடை வாங்குபவரிடம் கொடுப்பவரின் தோஷமும் போய்ச் சேருகிறது என்று மானிடவியலாளர் குளோரியா ரஹேஜா 1988இல் உத்தரப்பிரதேசக் கிராமமொன்றை வைத்து எழுதினார். அக்கோட்பாட்டை இங்கே அப்படியே பொருத்த நான் தயங்குகிறேன். சமையல் வேலை செய்யும் பெண் அஞ்சுவது தோஷத்துக்கல்ல, தன் பாட்டி நின்ற இடத்தில் தானும் நிற்க நேர்வதற்கு. இதனால்தான் தீபாவளிக்கு முதலாளி கொடுப்பது புதுத்துணியாக இருந்தாக வேண்டும். அது சம்பளத்தின் நீட்சி, உரிமை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்த மறுப்பு ஊரறிய வெளிப்பட்டது. பல இடங்களிலிருந்தும் வந்த பழந்துணி, கம்பளிச் சட்டை உட்பட, நாகப்பட்டினம், கடலூர் சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் இழந்த மீனவர்கள் பழந்துணியைத் தொட மறுத்ததைச் சிலர் நன்றிகெட்டதனம் என்றார்கள். கடலில் உழைத்துச் சம்பாதித்தவர்கள், பிச்சைக்காரர் வரிசையில் நிற்க மறுத்தார்கள் என்பதே சரி.

காஞ்சிபுரத்தில் கொடுக்கும் வெளிநாட்டார் பக்கமும் நியாயமுண்டு. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் திறந்ததைப் போன்ற கடைகளில் பழந்துணியைக் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. நடுவில் கடையும் விலைச்சீட்டும் நிற்கின்றன. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் இங்கே வந்து, நடுவில் எதுவுமில்லாமல் வேலைக்காரர் கையில் நேரே கொடுக்கிறார். கோயிலில் தெய்வமும் தெருவில் விலையும் வீட்டில் உறவும் செய்த வேலையை அந்தக் கைமாற்றத்தில் எதுவும் செய்வதில்லை. இந்த அவமதிப்புக்கு அஞ்சிக் குளிர்பெட்டிக்கு விலை வைத்து டிரைவரிடமே விற்பவர்களும் உண்டு. கடைசி மாதச் சம்பளத்தில் அந்த விலையைக் கழித்துக்கொண்டால் விற்றவர் காட்ட நினைத்த மரியாதை இங்கே கஞ்சத்தனமாகத்தான் படும்.

மிக்ஸியை வாங்கிக்கொள்கிறார்களே என்று கேட்கலாம். உலோகத்தில் உடுத்தியவரின் உடம்பு ஒட்டுவதில்லை, விற்றாலும் காசு. ஆனால் மிக்ஸியைக்கூட, பாக்கிச் சம்பளம் வைத்துக்கொண்டு கொடுத்தால் அது முகத்தில் எறிந்ததாகவே படும்.

ஆழிப்பேரலையில் ஒதுக்கப்பட்ட துணியைத் திரட்டித் தரம்பிரித்துப் பயன்படுத்திய அமைப்புகளில் ஒன்று, அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச். கிணறு வெட்டுவது, சாலை போடுவது போன்ற, ஊரே தேர்ந்தெடுக்கும் வேலைக்கு ஊதியமாகத் துணி வழங்குவது அதன் முறை. வேலையை ஊரே தேர்ந்தெடுப்பதால் இது பழைய கட்டாயக் கூலி ஆவதில்லை. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. காஞ்சிபுரத்தில் அவ்வளவுகூட வேண்டாம். ஒரகடத்து நிறுவனங்கள் ஊர் திரும்பும் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளில் மூன்று வரி சேர்த்தால் போதும்: சம்பளத்தையும் போனஸையும் முதலில் தீர்த்துவிடுங்கள், துணி கொடுப்பதானால் புதிதாக வாங்கிக் கொடுங்கள், மற்ற சாமான்களில் எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.